பெரிய வெள்ளியன்று எழுந்து போன டாக்டரம்மா

செய்தி வந்தபோது நான் கழிப்பறையில் இருந்தேன். "அம்மா, சுகிர்தம் டாக்டரம்மா போய்ட்டாங்களாம்" என்று மகன் வெளியிலிருந்து சொன்னான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எந்த இடத்தில் வைத்துச் செய்தியைக் கேட்டேன் என்று தெரிந்தால் டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சித்தூரில் அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் நம் கோயிலில் நான்தான் ஆர்கன் வாசித்தேன். இரண்டு காலாலும் மிதித்தால்தான் பாடும் பழைய ஆர்கன். அப்போதுதான் என் தொல்லை ஆரம்பித்தது. சிறுநீர் வருவதுபோல் தோன்றினால் உடனே ஓட வேண்டும்; தாமதித்தால் புடவை நனையும். ஞாயிறன்று விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். அப்படியும் பிரசங்கம் நீண்டால் உயிர் போய்விடும். பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்குமாக மூன்று மணி நேர ஆராதனை. சபை முழுவதும் பார்க்க அந்த பெஞ்சில் எப்படி உட்காருவேன்? லெந்து நோன்புக்காலம் தொடங்கும் முன்பே, விரல் வலிக்கிறது, இனி வாசிக்க முடியாது என்று போதகரிடம் சொல்லிவிட்டேன். ஆர்கனை விட்டால் எனக்கென்று வேறொன்றும் கிடையாது.

அன்று மாலையே டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். "விரல்ல ஒண்ணுமில்ல ரூத்து. எத மறச்சிக்கினு இருக்க?" என்றார். கணவரிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

சிறுநீரைச் சோதித்தார். சர்க்கரையும் இல்லை, கிருமியும் இல்லை. ஆபரேஷன் என்று யாரோ என்னைப் பயமுறுத்தியிருந்ததால் திருப்பதிக்கு அழைத்துப்போய்த் தனக்குத் தெரிந்த இரண்டு பெரிய டாக்டர்களிடம் காட்டினார். மூவரும் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அவர்களில் சர்ஜனாக இருந்தவர் என்னிடம், "ஆபரேஷன் அக்கர்லேதம்மா" என்றார். தேவையில்லையாம். முதலில் அடக்கிப் பழகுவது, காபியைக் குறைப்பது, தசையை இறுக்கும் பயிற்சி. அதில் கேட்காவிட்டால்தான் மாத்திரை. தண்ணீரை நிறுத்தவே கூடாது. பஸ்ஸில் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு டாக்டர் ஒரே பேச்சு பேசறது லேசுல நடக்குமா? கெட்டியா புடிச்சிக்க."

பழகுவது சொன்னதுபோல் சுலபமாக இல்லை. "வந்தா ஓடாத. நின்ன எடத்திலயே நில்லு, இறுக்கிப் புடி. அடங்கினப்புறம் மெதுவா நடந்து போ" என்பார். ஒருநாள் மார்க்கெட்டிலேயே நனைந்துபோய் அவர் வீட்டுக்குப் போய் அழுதேன். தன் புடவை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "உன் புள்ளைய ஒரே நாள்லயா பழக்கின? உனக்கு மட்டும் இன்னா அவசரம்?"

பெரிய வெள்ளிக்குள் பாதி தேறியிருந்தேன். அவர் விடவில்லை; ஆர்கனில் உட்கார்ந்தேன். தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தை ஓடிக்கொண்டிருந்தபோது முட்டிக்கொண்டு வந்தது. இறுக்கினேன். சற்று அடங்கியது, ஆனால் எழுந்து போயே ஆக வேண்டும். அத்தனை பேர் நடுவில் எப்படிப் போவது? பெண்கள் பக்கம் திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தேன். என் முகமே சொல்லியிருக்கும்.

அவர் எழுந்தார். ஓரமாகப் போகாமல் நடுப்பாதையில், எல்லோரும் பார்க்க, நிதானமாக நடந்து வெளியே போனார். போதகர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். அதேபோல் திரும்பி வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பெண்கள் எழுந்து வந்தார்கள். யார் தலையிலும் இடி விழவில்லை.

ஆராதனை முடிந்ததும், "உங்களுக்கும் இந்தத் தொல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கின்னா? கல்லு மாதிரி இருக்கேன். சும்மா வேப்பமரத்தடியில நின்னுட்டு வந்தேன்" என்றார்.

போன வாரம் அவருடைய அடக்க ஆராதனையிலும் நான்தான் வாசித்தேன். போதகர் அவருடைய நற்குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. இறுக்கிப் பிடித்தேன், அடங்கியது. பிறகு எழுந்து, நடுப்பாதையில், அவர் பெட்டியை ஒட்டி மெதுவாக நடந்து வெளியே போனேன். திரும்பி வந்து கடைசிப் பாட்டை வாசித்தேன். கூச்சமில்லாத இந்த நடை ஒன்றுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.