மூக்குப் பட்ட ரோஜா

பங்குனி வெயில். பரமத்தி வேலூர் போகும் வழியில் பஸ் கொதித்து நிற்கிறது. டிரைவர் தண்ணீருக்காகச் சாலையோரக் கோயில் நந்தவனத்துக் கிணற்றுக்குப் போகிறார். வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்து, முதல் பஸ்ஸை நான் விட்டுவிட்டதால், சேலத்திலிருந்தே மனைவி என்னோடு பேசவில்லை. அந்த முகத்துக்குப் பயந்து நானும் இறங்கிப் போகிறேன்.

உள்ளே அரளியும் நந்தியாவட்டையும் அப்படிப் பூத்துக் கிடக்கின்றன! பன்னீர் ரோஜா ஒன்றைக் கண்டதும் என்னை மறந்து, குனிந்து முகர்ந்துவிடுகிறேன்.

"ஏனுங்க, சாமி பூவைப் போயி மோந்துட்டீங்களே!" என்கிறாள் பூப்பறிக்கும் அம்மாள்.

சட்டென்று நிமிர்கிறேன். "தெய்வக் குத்தமாயிடுமா?"

வேலிக்கு அப்பால், பஸ் ஜன்னலிலிருந்து என்னையே முறைக்கும் மனைவியை அவள் எட்டிப் பார்க்கிறாள். "மூக்குப் பட்டது சாமிக்குத்தான் ஆகாதுங்க. பஸ்ஸுல உம்முனு உக்காந்திருக்கிற உங்க ஊட்டம்மாவுக்கு ஆகுமுங்க." சிரித்துக்கொண்டே பறித்துத் தருகிறாள்.

பஸ் கிளம்புகிறது. இருபுறமும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பச்சைப்பசேலென்று ஓடி வருகின்றன. நடந்ததைச் சொல்லி ரோஜாவை நீட்டுகிறேன். மனைவி அதைக் கொண்டையில் செருகிக்கொள்கிறாள்.

"இன்னும் ரெண்டை மோந்துட்டு வந்தா என்னவாம்?"