மூன்று நாளைக்கு எடுத்த அறை

குழந்தை இறந்தே பிறந்தது. பதினெட்டாம் நாள் என் மனைவியை மறுபடி காட்டப் போனபோது டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "இப்படியே சுவத்தப் பாத்துகினு உக்காந்திருந்தா ஆகாது சார். எங்கனாச்சும் அழைச்சிகினு போங்க. கடல், காத்துன்னு இருந்தா மனசு தேறும்." அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

அது 2008, பங்குனி மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாங்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை. நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர். விடுப்பு எழுதிக் கொடுத்தேன். "ஊட்டி கீட்டின்னு அலையாதீங்க மாமா, அக்காவால முடியாது. கடலூருக்கே போங்க" என்று அவள் தம்பி சொன்னான்.

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மூன்று நாளைக்கு அறை எடுத்தேன். பதிவேட்டை நீட்டியவர், "பசங்கள அழைச்சிகினு வரலியா சார்?" என்று சிரித்தார். "இல்ல" என்று கையெழுத்துப் போட்டேன். அவள் அதற்குள் பாதி மாடிப்படி ஏறியிருந்தாள்.

முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். சாப்பாடு வாங்கி வந்தேன். மீனை முள் எடுத்து என் இலையில் வைத்தாளே தவிர, தான் சாப்பிடவில்லை. "காத்து நல்லாருக்குல்ல?" என்றேன். "ம்" என்றாள்.

மறுநாள் பிற்பகல் வெயில் தாழ்ந்ததும் மணலில் போய் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு இளம்பெண், கையில் மூன்று மாதக் குழந்தை. தண்ணீரில் நின்ற புருஷன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"அக்கா, செத்த நேரம் இவளப் புடிச்சிக்கிறீங்களா? கால நனச்சிகினு ஓடியாந்துடறேன்."

நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி கையை நீட்டிவிட்டாள். குழந்தையை மடியில் போட்டதும் அவள் முகம் இளகியது. டாக்டரம்மா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். அவ்வளவு மடத்தனம் எனக்கு.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. முகத்தைத் திருப்பி அவள் மார்பைத் தேடியது. அவள் ரவிக்கையில் இரண்டு பக்கமும் ஈரம் பரவியது. மாத்திரை கொடுத்து, துணியால் இறுக்கிக் கட்டி, வற்றிவிட்டது என்று நான் நம்பியிருந்த பால். அவள் இரண்டு கையிலும் குழந்தை இருந்தது. நான்தான் முந்தானையை இழுத்து மூடினேன்.

"என்னங்க, இதுக்குப் பசிக்குதுங்க."

"அவங்கம்மா வந்துடுவாங்க."

"நான் குடுக்கட்டா?"

"வேணாம்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அழுகை கேட்டு அந்தப் பெண் நனைந்த புடவையோடு ஓடி வந்தாள். "ரொம்பத் தொல்ல குடுத்துட்டாளாக்கா?"

"இல்லம்மா."

அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். என் மனைவி எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

அறையில் நெடுநேரம் குளித்தாள். பையோடு வந்து நின்றாள். "ஊருக்குப் போயிடலாம்."

"நாளைக்கு வரைக்கும் ரூம் இருக்கே."

"நீங்க வேணா இருங்க."

இருட்டுவதற்கு முன் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் கேட்டாள்: "ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு என்ன நெனைக்குமோன்னு..."

"பால் தானேங்க" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை கரு தங்கியது. இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இன்னொரு முறை முயல வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சண்டை எதுவும் போட்டதில்லை. எனக்குச் சோறு போட்டு வைக்கிறாள், சட்டை துவைத்துத் தருகிறாள். 2012-இல் கரண்ட் மணிக்கணக்காகப் போகும். வாசலில் ஆளுக்கொரு விசிறியோடு உட்கார்ந்திருப்போம்.

"எப்ப வரும்?" என்பாள்.

"ஏழு மணிக்கு" என்பேன்.

சில நாள் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.