மச்சினனின் வெள்ளை ஷூ

என் ஸ்டுடியோ அலமாரியின் மேல்தட்டில், கல்யாண ஆல்பங்களுக்கு நடுவே ஒரு ஷூ பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு ஜோடி வெள்ளை ஷூ. என் மனைவியின் தம்பி, பாட்டு வீடியோவில் போட்டுக்கொள்வதற்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போய் வாங்கியது. இரண்டு வருடமாகிறது, அடியில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் அவனுக்கு நல்லது செய்தேனா கெடுத்தேனா என்று எனக்கே பிடிபடுவதில்லை.

மச்சினனுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றிப் பூப் போடுவான். வாய் மட்டும் சும்மா இருக்காது. ஊற்றிக்கொண்டே ராப் கட்டுவான். முதலில் எனக்கு அது பாட்டாகவே படவில்லை, யாரையோ திட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் மொபைலில் பதிந்து கொண்டுவந்து போட்டுக் காட்டினான். ‘எட்டுக்குப் பத்து வீட்டுக்குள்ள எங்க ஆறு பேரு தூக்கம், எட்டாத ஊரு மேல எனக்கு மட்டும் ஏக்கம்.’ என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பு அந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. “இதை வீடியோவா எடுத்துக் குடுங்க மச்சான். ஓடுச்சுன்னா மேடைக்குக் கூப்பிடுவாக. பட்டறையை விட்டுருவேன்” என்றான். அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். கேமராவைத் தூக்கினாலே செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணும், வளவு என்கிற உள்முற்றமும்தான் கண்ணில் வரும். இந்தப் பக்கம் எந்த ஜோடியை எடுத்தாலும் அங்கேதான் நிறுத்துவோம். கொத்தமங்கலத்தில் தெரிந்த பெரிய வீடு ஒன்றுக்கு அவனைக் கூட்டிப்போனேன். இல்லாதவனின் பாட்டை அரண்மனை மாதிரி வீட்டில் எடுக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கும் தோன்றவில்லை. மண் ஒட்டக்கூடாதென்று வாசற்படியில் உட்கார்ந்துதான் ஷூவை மாட்டினான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும், சாவி வைத்திருந்த அக்கா அங்கேயே மறித்தார். “ஷூவை அங்குட்டு விட்டுட்டு வாங்க தம்பி. வீட்டுக்கார ஆச்சிக்குத் தெரிஞ்சா என்னையத்தான் வைவாக.” மச்சினன் என்னைப் பார்த்தான். “ஷூ இல்லாம எப்புடி மச்சான் ராப் பாடுறது?” வேறு வழியில்லை, கழற்றினான். வெறுங்காலோடு வளவுக்குள் போனவன் திடீரென்று குனிந்தான். உடைந்த தரையை மாற்றியபோது போட்ட டைல்ஸ் அவன் பட்டறையிலிருந்து வந்தவை. “இந்தப் பூவுல பச்சை கலங்கிருக்கு பாருங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்” என்று ஒன்றைத் தடவிக் காட்டினான். அதன் மேலேயே நின்று பாடினான். அவன் அப்படிப் பாடி நான் பார்த்ததில்லை.

யூடியூபில் பாட்டு ஓடியது. அதன் கீழே என் நம்பரைக் கொடுத்திருந்தோம். முதல் அழைப்பு வந்ததும் மச்சினனை அருகில் நிறுத்திக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டேன். அந்த வீடு ஷூட்டிங்குக்குக் கிடைக்குமா என்றார் பேசியவர். அடுத்தவரும் அதையேதான் கேட்டார். ஒரு மாதம் போன் அடித்தது. பாடியவனை ஒருவர்கூட விசாரிக்கவில்லை. பாட்டுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘நீ நிக்கிற தரையே எங்க வீட்டை விட விலை அதிகம். உனக்கு என்னடா கஷ்டம்?’ மச்சினன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

சரி, உள்ளதை உள்ளபடி காட்டுவோம் என்று அடுத்த பாட்டைப் பட்டறையிலேயே எடுத்தேன். சிமெண்ட் பட்டால் வீணாகிவிடும் என்று அங்கேயும் ஷூவைப் போடவில்லை. முழங்கை வரை கலர் வழியப் பாடினான். அதற்கு வந்தது இன்னும் மோசம். ‘பெரிய வீட்டுப் பிள்ளை கூலிக்காரன் வேஷம் போடுறான்.’ நாங்கள் பதில் போட்டோம். என் மனைவி, ‘நான் அவன் கூடப் பிறந்த அக்கா’ என்று சொல்லியே போட்டாள். யார் நம்பினார்கள்? முதலிலேயே பட்டறையில் எடுத்திருந்தால் நம்பியிருப்பார்களோ? இல்லை, அந்த வீடு இல்லாமல் போயிருந்தால் பார்த்தே இருக்க மாட்டார்களோ? யோசிக்க யோசிக்க எனக்கு மண்டை குழம்புகிறது.

போன வாரம் பட்டறையிலிருந்து நேராக வந்தான். பெட்டியை இறக்கி, ஷூவைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் நாலு எட்டு நடந்தான். “கடிக்குது மச்சான்” என்றான். கழற்றித் துடைத்து, பழையபடி தாளைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். மூன்றாவது பாட்டு தயாராம். “இதை எங்குட்டு வச்சு எடுத்தா, இது என் கதைதான்னு நம்புவாக?” என்று கேட்டான். எனக்கு இருபது வருடத் தொழில். எந்த முகத்தை எங்கே நிறுத்தினால் எடுபடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திரும்ப மேல்தட்டில் வைத்தேன்.