மூலையில் மடித்து வைத்த திரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் நான் மருத்துவ மாணவியாக இருந்தபோது நடந்தது இது. மாணவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் முடிய வேண்டிய படிப்பு, போரால் பல்கலைக்கழக வளாகத்தை மூடுவதும் திறப்பதுமாக இழுபட்டு எட்டாவது வருடத்தில் வந்து நின்றது. எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் என்னோடு படித்தவர்களின் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். நான் இன்னும் வெள்ளைக் கோட்டைத் தோய்த்து உலர்த்திப் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்படிப் போன இறுதிப் பரீட்சையில்தான் விழுந்தேன். எழுத்துப் பரீட்சையில் ஒரு குறையும் இல்லை. நோயாளியை நேரில் பார்த்துச் சொல்கிற பரீட்சையில் விழுந்தேன்.

அந்தப் பரீட்சை ஆஸ்பத்திரி வாட்டில் நடக்கும். நோயாளிகள் கட்டில்களில் வரிசையாகப் படுத்திருப்பார்கள். பரீட்சகர் கால்மாட்டில் நின்று, "இவருடைய இதயத்தைப் பாரும்" என்பார். சில நிமிடங்களுக்குள் பார்த்து, தொட்டு, கேட்டு, என்ன நோய் என்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் கிடைத்தவர் ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி வாட்டின் ஒரு மூலையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

சுற்றிலும் ஆட்கள். கால்மாட்டில் இரண்டு பரீட்சகர்கள், அடுத்த கட்டிலடியில் என் வகுப்புப் பெடியன் ஒருவன், வாசலில் வண்டிலோடு நிற்கிற ஆஸ்பத்திரித் தொழிலாளி. எல்லோரும் ஆண்கள். இதயத்தின் நுனியில் கேட்கிற ஒலியைப் பிடிக்க வேண்டுமென்றால் சேலைச் சட்டையைத் திறக்க வேண்டும், இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. பாவம், இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண்ணை எப்படி என்று நினைத்தேன். ஸ்டெதஸ்கோப்பைச் சட்டைக்கு மேலாலேயே வைத்தேன். துணி உரசுகிற சத்தம்தான் கேட்டது. "எல்லாம் நோர்மல், சேர்" என்றேன்.

பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சட்டை நோர்மல்தான், பிள்ளை. அதுக்கு ஒரு வருத்தமும் நோயும் இல்லை. ஆளுக்கு என்ன?"

அடுத்த கட்டிலடியில் நின்ற பெடியனுக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. முடிவுகள் வருவதற்கு முன்பே அந்தப் பகிடி வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. 'சட்டை டொக்டர்' என்று எனக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றினேன், அதற்கு எனக்குத் தண்டனையா? அந்த மனிதருக்கு அக்கா தங்கை இல்லையா? பார்த்தவர் எல்லோரிடமும் இதையே சொன்னேன். சொல்லச் சொல்ல என் பக்கம் நியாயம் கூடிக்கொண்டே போனது. அம்மாவும் விடவில்லை. "பொம்பிளைப் பிள்ளையெண்டால் அந்த அடக்கம் வேணும். அதுக்குப் பெயில் போட்டவன் ஒரு மனுசனோ?" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். அவர்களும் "அதுதானே" என்றார்கள். எனக்கு அது பாயாசம் குடித்தது போல இருந்தது.

ஆனால் கோபத்தால் பாஸ் பண்ண முடியாதே. சில மாதங்களில் மறுபரீட்சை. அதிலும் விழுந்தால் என்னோடு படித்த தொகுதி ஆஸ்பத்திரி உள்ளகப் பயிற்சிக்குப் போக, நான் அடுத்த தொகுதிக்காகக் காத்திருக்க வேண்டும். அடுத்த தொகுதி எப்போது பரீட்சை எழுதும் என்று அந்த நாட்களில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எட்டு வருடம் பத்தாகலாம், பன்னிரண்டாகலாம். நான் இதய நோயில்தான் விழுந்தேன் என்பதால் இதயங்களாகத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். என் போறாத காலம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல இதயம். "என்ரை நெஞ்சைக் கேட்டுக் கேட்டு உனக்கு அலுக்கேல்லையோ?" என்று அண்ணை சேர்ட்டை மாட்டிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அப்போதுதான் என் சிநேகிதி ஒரு வழி சொன்னாள். பரீட்சையில் எனக்கு வந்த அதே பெண்ணிடம் போகச் சொன்னாள். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. அதன் உறுமல் புத்தகத்தில் எழுதியிருப்பது போல அப்படியே கேட்கும் என்பதால், எங்கள் ஆட்கள் பரீட்சைக்கு முன் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டுப் பழகுவார்களாம். பெயர் யாருக்கும் தெரியாது. 'கொக்குவில் வால்வு' என்றால் எல்லோருக்கும் விளங்கும். அந்தப் பெயரைக் கேட்டு அன்று நானும் சிரித்தேன். என்னைச் சட்டை டொக்டர் என்றதற்கு மட்டும் எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு காலை, சைக்கிளை எடுத்துக்கொண்டு மானிப்பாய் தாண்டிக் கொக்குவிலுக்குப் போனேன். தண்டவாளம் கழற்றப்பட்ட ரயில் பாதைக்குப் பக்கத்தில், முற்றத்தில் நெல்லி நிற்கிற சின்ன வீடு. படலையைத் திறந்தபோதே தையல் மெசின் சத்தம் கேட்டது. அவர் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறவர். காலால் மிதித்தால் மூச்சு வாங்குகிறதென்று கையால் சுற்றுகிற மெசினுக்கு மாறியிருந்தார். என் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கண்டதும் சுற்றுவதை நிறுத்தினார்.

"இந்தக் கிழமை நீங்கள் மூண்டாவது ஆள்" என்றார். "இண்டைக்கு ஏலாது. ரெண்டு சட்டை முடிக்கவேணும்."

எனக்குச் சுருக்கென்றது. இவருக்காகத்தானே நான் இந்தப் பாடுபடுகிறேன்? "அக்கா, என்னை ஞாபகம் இல்லையோ? பரீட்சையிலை உங்களைப் பார்த்தனான். உங்கடை சட்டையைத் திறக்க மனம் வராமல்தான் பெயிலானனான்" என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் எழுந்தே விட்டார்.

"எனக்காகவோ பெயிலானனீங்கள்? நான் கேட்டனானோ? அண்டைக்குக் காலமை ஆறு மணிக்கு என்னைக் கொண்டுபோய்ப் படுத்தினவை. பதினொரு பேர் வந்து பார்த்தவை. ஒருத்தரும் என்ரை பேரைக் கேக்கேல்லை. கட்டிலைச் சுத்தி மறைக்கிற திரை அந்த மூலையிலைதான் மடிச்சு நிண்டது. நான் விடியத் தொடக்கம் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தனான். ஒருத்தரும் இழுக்கேல்லை. நீங்களும் இழுக்கேல்லை."

அவர் விடவில்லை.

"நான் வெறும் தையல்காரி. ஒரு பொம்பிளைக்கு அளவெடுக்கிறதெண்டாலும் கதவைச் சாத்திப்போட்டுத்தான் எடுப்பன். நீங்களெல்லாம் படிச்ச ஆக்கள்."

"திரை வைக்கிறது எங்கடை வேலையில்லை. அது வாட்டுக்காரர் செய்யவேணும்" என்று நானும் குரலை உயர்த்தினேன். "ஓமோ? அப்ப வாட்டுக்காரரிட்டைப் போய்ப் படியுங்கோ" என்று சொல்லிவிட்டு மெசினைச் சுற்றத் தொடங்கினார். படலையை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். நன்றி கெட்டவர், வாய்க்காரி, இவருக்குப் போய் இரங்கினேனே என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

இரண்டு நாள் அந்தக் கோபத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் கிணற்றடியில் கோட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அந்தத் திரை நினைவுக்கு வந்தது. பச்சைத் துணி, மேலே ஒரு கிழிசல். கிழிசல்கூட நினைவிருக்கிறதென்றால் அதை நான் நன்றாகவே பார்த்திருக்கிறேன். நாலு எட்டு வைத்தால் எடுத்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை? பரீட்சகர் என்ன நினைப்பார் என்ற பயம். அந்தப் பெடியனுக்கு முன்னால் ஒரு பெண்ணின் சட்டையைத் திறக்க எனக்கிருந்த வெட்கம். பயந்ததும் வெட்கப்பட்டதும் நான். அதற்கு அவருடைய மானம் என்று பெயர் வைத்து, ஊரெல்லாம் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். சவர்க்கார நுரையோடு அப்படியே குந்தியிருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுபடி போனேன். ஸ்டெதஸ்கோப்பை வீட்டில் வைத்துவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சைக்குச் சேலையோடு போடுகிற சட்டை தோள்மூட்டில் கிழிந்திருந்தது உண்மைதான். ஆனாலும் அது அங்கே போவதற்கு ஒரு சாட்டு என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

"சட்டை தைக்கவேணும், அக்கா. உங்கடை பேரென்ன?" என்றேன். அவர் மெசினிலிருந்து கையை எடுத்தார். பெயரைச் சொன்னார். பிறகு, "உள்ளை வாங்கோ" என்றார்.

கதவைச் சாத்தினார். ஜன்னல் சீலையை இழுத்தார். நடுவில் ஓர் இடைவெளி தெரிந்ததும் அதில் ஒரு பின்னைக் குத்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டு, "என்ரை கை எப்பவும் குளிர்தான், கூசும்" என்றார். "இப்ப தோளிலை வைக்கிறன்." வைத்தார். "இப்ப கையைக் கொஞ்சம் தூக்குங்கோ, நெஞ்சளவு எடுக்கப்போறன்." எடுத்தார். எடுத்து முடிந்த இடத்தில் சேலைத் தலைப்பை அவரே சரிசெய்து விட்டார். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தார்.

எட்டு வருடம் நான் படித்த புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே இருப்பவைதான் இவை. பெயரைக் கேள், அனுமதி கேள், மறை, கையைச் சூடாக்கு, சொல்லிவிட்டுத் தொடு, முகத்தைப் பார். வரி வரியாக மனப்பாடம். அந்தக் குளிர்ந்த கைகூட நோயின் ஓர் அறிகுறி. பரீட்சையில் அவருடைய கையை மரியாதையாகப் பிடித்திருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும்.

"எங்கை உங்கடை குழாய்?" என்று கேட்டார், நாடாவைச் சுற்றியபடி. கொண்டு வரவில்லை என்றேன். சிரித்துவிட்டார். "சட்டை எடுக்க வரேக்கை கொண்டுவாங்கோ."

கொண்டுபோனேன். அதே சாத்திய கதவு, அதே பின் குத்திய சீலை. அவர் செய்தது போலவே நானும் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தேன். இடது பக்கம் சரிந்து, மூச்சை வெளியே விட்டுப் பிடித்துக்கொண்டார். தூரத்து ஒழுங்கையில் மாட்டுவண்டில் உருளுகிற மாதிரி மெல்லிய உறுமல் கேட்டது.

"கேக்குதோ?"

"ஓம், அக்கா."

"எல்லாருக்கும் கேட்டது. என்னெண்டு எனக்குத்தான் இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

அவருடைய தையல் சோக்கை எடுத்து வெட்டு மேசையில் படம் கீறி, எந்த வால்வு, ஏன் மூச்சு வாங்குகிறது, கொழும்பில் என்ன சத்திரசிகிச்சை இருக்கிறது என்று தெரிந்ததைச் சொன்னேன். அவர் படத்தில் அந்த வால்வின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். இத்தனை பேர் கேட்டுவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போன நெஞ்சு. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்தத் தவறில் என் பங்கும் இருக்கிறது.

மறுபரீட்சையில் எனக்கு வந்தவர் வயிறு வீங்கிய ஓர் அம்மா. அதே பரீட்சகர், அதே கால்மாடு. "வயிற்றைப் பாரும்" என்றார். வாட்டின் மறு கோடியில் திரை மடித்து நின்றது.

"சேர், முதல்லை திரை வேணும்" என்றேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "உம்முடைய நேரம்தான் போகுது, பிள்ளை."

"ஓம் சேர், தெரியும்."

வேறு யாரும் அசையவில்லை. நானே போய் இழுத்து வந்தேன். அடியில் உருளுகிற சில்லு ஒன்று இல்லாத திரை. வாட்டு முழுக்கக் கேட்கும்படி நிலத்தில் கிறீச்சிட்டது. இரண்டு நிமிடமாவது போயிருக்கும். போனால் போகட்டும், விழுந்தால் இந்த முறை சரியான காரணத்துக்காக விழுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த அம்மாவிடம் பெயர் கேட்டேன், கையைத் தேய்த்துக்கொண்டேன், முகத்தைப் பார்த்தபடி வயிற்றைத் தொட்டேன். வீங்கிய ஈரல் கைக்குத் தட்டுப்பட்டது. சொன்னேன். பரீட்சகர் நன்று என்றும் சொல்லவில்லை, பகிடியும் விடவில்லை. கடைசியில் பாஸ் பண்ணினேன்.

உள்ளகப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது கொக்குவில் வீடு பூட்டிக் கிடந்தது. சத்திரசிகிச்சைக்குப் போனார் என்று ஒருவர் சொன்னார், சொந்தக்காரரோடு வன்னிக்குப் போனார் என்று இன்னொருவர் சொன்னார். பிறகு சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டுவிட்டது. அவர் எங்கே, எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது நானே பரீட்சகராகக் கால்மாட்டில் நிற்கிறேன். முதல் மாணவர் வருமுன் ஒவ்வொரு கட்டிலுக்கும் நானே திரையை இழுத்து விடுகிறேன். "விட்டு வையுங்கோ டொக்டர், எந்தப் பிள்ளை இழுக்குது எண்டு பார்த்துப் புள்ளி போடலாம்" என்று ஒருமுறை கூட இருந்த பரீட்சகர் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பரீட்சை பிள்ளைகளுக்கு, படுத்திருக்கிறவருக்கு அல்ல என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது, கறுக்கட்டும். உலகத்தின்மேல் இன்றும் எனக்கு நிறையக் கோபம் வருகிறது. ஆனால் வாயைத் திறக்குமுன், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு திரை மடித்து நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்தது அன்று பூட்டிக் கிடந்த அந்தக் கொக்குவில் வீடுதான்.