ஞாயிறுதோறும் அக்கா சொன்னது

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அரக்கோணத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் ரயில்வே ஊழியரான அத்தானை மணந்து, தெலுங்கு பேசும் ஊரில் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்புக்கு வந்தார். ஒன்பதாம் ஆண்டில் அத்தான் காலமானார். குழந்தைகள் இல்லை. நாங்கள் அழைத்தும் அக்கா ஊர் திரும்பவில்லை. மாரெட்பள்ளியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தார். வரிசையாக ஓடிவரும் மாத்திரை அட்டைகளில், மாத்திரை விழாத குழி இருந்தால் கண்டுபிடித்து எடுக்கும் வேலை. இருபத்தேழு ஆண்டுகள் அதைச் செய்தார்.

ஞாயிறு காலைகளில் அரக்கோணத்திலிருந்து அவருக்குப் போன் செய்வேன். பேசியதை நோட்டில் குறித்துக்கொள்வேன்.

“நேத்து மூணு அட்டையப் புடிச்சேன்டா. மெஷினே கோட்டை விட்டுடுச்சு.”

“என்னக்கா, போலீஸ் வேலையா பாக்கற?”

“நீ ஆபீஸ்ல தூங்கற மாதிரி நான் தூங்கினா, யாருக்கோ ஜுரம் எறங்காதுடா.”

மகிழ்ச்சியைப் பற்றி நிறையப் படித்தவன் நான். உழைத்தவருக்கு அது ஓய்வில்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். அக்காவின் ஐம்பத்தெட்டாம் வயதில், இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்று தொழிற்சாலையில் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வைத்தவன் நானே.

அதன்பின் பதினான்கு ஞாயிறுகள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், “ஊரிலே இருக்கேன்டா” என்று சொன்னதாகவே என் காதில் விழுந்தது. வெளியூர் எங்கும் போகவில்லை என்கிறார் என்று நினைத்து, ‘அக்கா ஊரில். நலம்’ என்று எழுதிவைத்தேன். பதினைந்தாம் ஞாயிறு போனை எடுத்தவர் கீழே டிபன் கடை வைத்திருக்கும் லட்சுமியம்மா. அன்று விடியற்காலையில் மாரடைப்பில் அக்கா போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த மாலை, லட்சுமியம்மாவிடம் நோட்டைப் படித்துக் காட்டினேன்.

“ஊரிலே இல்ல சார், ‘ஊரிகே’. எங்க தெலுங்குல சும்மான்னு அர்த்தம். வேலையில்லாம சும்மா கெடக்கறேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க.”

நோட்டில் அந்த வரிகளைத் திரும்பப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

“தினம் கடைக்கு வந்து, ஏதாவது வேலை குடும்மான்னு நிப்பாங்க. பருப்புல கல்லு பொறுக்கச் சொன்னேன். பாக்கெட் பருப்புல ஏது சார் கல்லு? நானே நாலு போட்டு வைப்பேன். நாலையும் எடுத்துக் காட்டி, ‘பாரு, உன்ன எப்படி ஏமாத்தறான் கடைக்காரன்’னு சிரிப்பாங்க.”

இறுதி ஊர்வலத்தில் உடன் வந்த தொழிற்சாலைத் தோழியருக்கும், அண்டை வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. லட்சுமியம்மாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். அந்தப் பதினான்கு வாரங்களில் அக்கா சிரித்தது அவருடைய கடையில் மட்டும்தான். என் நோட்டில் அந்தச் சிரிப்பு எந்த ஞாயிறிலும் இல்லை.