நீல டிரம்மின் மறுபாதி

பொற்கொடியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி குறைந்தவன் இந்த வட்டாரத்தில் இல்லை. நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் முழுக்கத் தெரிந்தவனும் நான்தான், வேறு வழியில்லை. கால்நடை ஆஸ்பத்திரிகளில் முப்பத்தோரு வருஷம் ஊசி போட்டு, கட்டுக் கட்டி ஓய்வு பெற்றவன் நான். பாண்டியராஜன் என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. முந்தலில் கம்பவுண்டர் என்றால்தான் தெரியும்.

முந்தல், போடியிலிருந்து மலைக்கு ஏறுகிற சாலையின் அடிவாரத்து ஊர். பொற்கொடியும் இந்த ஊர்க்காரிதான். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, இருபத்திரண்டு வயதில் ஏலக்காய் எடுக்க ஜீப் ஏறினாள். விடியும் முன்னே ஒரு ஜீப்பில் பதினைந்து பேர், போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துத் தோட்டம், பொழுது சாய்ந்தால் இறக்கம். இருபது வருஷம் இப்படியே போனது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்கி வேலை செய்கிற குடும்பங்கள் காட்டுப்பன்றிக்காகவும் திருட்டுக்காகவும் நாய் வளர்ப்பார்கள். சீசன் முடிந்ததும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜீப்பில் ஆளுக்கே இடமில்லை, நாய்க்கு எங்கே. ஜீப் கிளம்பிய இடத்திலேயே நாய் உட்கார்ந்திருக்கும். பங்குனியில் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும். தோட்டத்து மாடுகளுக்கு ஊசி போட அதே ஜீப்பில் போய்வந்த நான் உட்பட எல்லாரும் அதைப் பார்த்தோம், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பொற்கொடிக்கு மட்டும் அது முடியவில்லை.

முதலில் கொண்டுவந்தது குட்டன் என்ற செவலை நாயை. காவல்காரர் ஒருவர் விட்டுப்போனது. சாக்குக்குள் விட்டுக் காலடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் சாக்கு முனகியது.

"ஏக்கா, சாக்குல என்ன?" என்றான் ஜீப் ஓட்டும் அன்புச்செல்வன்.

"வெறகு."

"வெறகு கொலைக்குதே."

ஜீப்பே சிரித்தது. அன்றைக்கு அவளை இறக்கிவிடாமல் வந்ததுதான் தன் வாழ்நாளில் செய்த ஒரே புண்ணியம் என்று அன்புச்செல்வன் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது சொல்வதில்லை.

ஒன்று ஐந்தாகி, ஐந்து இருபதானது. வாடகை வீட்டுக்காரர் வெளியே போகச் சொன்னார். அம்மா வழியில் வந்த அரை ஏக்கர் கல்லாங்காட்டில் தகரக் கொட்டகை போட்டுக் கம்பிவலை அடித்து, அங்கேயே குடியேறினாள். காயெடுப்பை விட்டாள். ஓட்டல்களில் மிஞ்சிய சோறு, கறிக்கடைக் கழிவு என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். தடுப்பூசியும் புண்ணுக்கு மருந்தும் என் பொறுப்பு. ஊரில் அதை நாய்ப்பண்ணை என்றார்கள். பண்ணை என்றால் விற்பதற்கு வளர்ப்பது. அவள் ஒரு குட்டியைக்கூட விற்றதில்லை, அடிபட்டதையும் கிழடு தட்டியதையும் யார் வாங்குவார்கள். போன ஐப்பசியில் அங்கே முப்பத்துநான்கு நாய்கள் இருந்தன.

வேலிக்கு அந்தப்பக்கம் சின்னமுத்துவின் ஆட்டுப்பட்டி. சின்னமுத்து முன்கோபக்காரர், மற்றபடி நல்ல மனிதர். அதற்கு முந்தின வருஷம் வலை கிழிந்து நாலு நாய்கள் அந்தப்பக்கம் போய் மூன்று குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னார்: "இன்னொருக்க வந்துச்சு, மொத்தத்துக்கும் மருந்து வச்சிருவேன்."

கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் சொன்னது ஊர் நினைவில் நின்றுவிட்டது.

இனி டிரம் கதை. ஏலத்துக்கு மருந்தடிக்காமல் காய் இல்லை. மருந்து கலக்குகிற நீல பிளாஸ்டிக் டிரம் பழையதானால் தோட்டத்தில் கழித்துப் போடுவார்கள், அதை யாராவது கீழே கொண்டுவருவார்கள். சாம்பல் போட்டுத் தேய்த்து, சாணியைக் கரைத்து ஊற்றி, புளித்தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வெயிலில் வைத்தால் சுத்தம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. முந்தலில் பாதி வீட்டில் தண்ணீர் நிற்பது அப்படிப்பட்ட டிரம்மில்தான், என் வீட்டிலும்தான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

அன்புச்செல்வன் கொண்டுவந்த டிரம்மைப் பொற்கொடியும் அப்படியே கழுவினாள். பட்டறையில் கொடுத்து நெடுக்காக இரண்டாக அறுத்து வாங்கினாள். ஒரு பாதி நாய்களுக்குத் தண்ணீர்த் தொட்டி. மறுபாதியைத் தூக்கிக்கொண்டு சின்னமுத்து வீட்டுக்குப் போனாள்.

"ஆட்டுக்குத் தண்ணி வைக்க ஆகும்ணே. குட்டி போனதுக்கு ஈடில்ல. மனசு கேக்கல, கொண்டாந்தேன்."

அவர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் வேலியோரம் நின்று பேச ஆரம்பித்தார்கள். மூன்று வாரம் நாய்கள் ஒரு பாதியிலும் ஆடுகள் மறுபாதியிலும் தண்ணீர் குடித்தன. ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் கிடாவெட்டில் மிஞ்சிய எலும்பும் கொழுப்பும் ஒரு அண்டா வந்தது. பொற்கொடி அரிசி போட்டுக் கொதிக்கவைத்தாள். நாய்களுக்கு எப்போதும் அலுமினியத் தட்டில்தான் சோறு. அன்றைக்குக் கறி வாசனைக்கு அவை ஒன்றையொன்று கடித்துக் குதறின. எல்லாம் வரிசையாக நின்று தின்னட்டும் என்று தண்ணீர் வைக்கிற நீளத் தொட்டியில் சுடச்சுட ஊற்றி, ஆறவிட்டுத் திறந்துவிட்டாள். குட்டிகளும் கட்டிப்போட்ட நோயாளிகளுமாகப் பதினொன்றுக்கு மட்டும் மிச்சச் சோற்றைத் தட்டில் வைத்தாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்துக்கு மேல் விழுந்துவிட்டன. வாயில் நுரை. கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. அதை முறிக்கிற ஊசிமருந்து என்னிடம் நாலு நாய்க்குத்தான் இருந்தது. எந்த நாலு என்று அவளைக் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவள் குட்டனைக் காட்டவில்லை, வயது குறைந்தவையாகப் பார்த்துக் காட்டினாள். குட்டன் அவள் மடியில் கிடந்து செத்தது. மதியத்துக்குள் பத்தொன்பது போயின.

தட்டில் தின்ற பதினொன்றும் எழுந்து நின்று வாலாட்டிக்கொண்டிருந்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "இது பூச்சிமருந்து" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, "தானா வராது, யாரோ வச்சிருக்காங்க" என்றும் சொன்னேன்.

அந்த நேரத்தில் சின்னமுத்து இடுப்பளவுக் குழிக்குள் நின்று மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நாய்கள் கத்தியது கேட்டு மம்பட்டியோடு ஓடிவந்தவர் அவர். கல்லுத் தரை, பொம்பளையால் வெட்ட முடியாது என்று அவராகவே இறங்கியிருந்தார்.

பொற்கொடி குழியின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"ஏண்ணே, சொன்ன மாரியே செஞ்சிட்டியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னத்தா சொல்ற?"

"மருந்து வப்பேன்னு நீதான சொன்ன."

"நான் வச்சிருந்தா குழி வெட்ட வருவனா?"

போடியிலிருந்து வந்திருந்த நாய்ப் பிரியர்கள் மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். போலீசுக்கும் அவர்களே சொன்னார்கள். போலீஸ்காரர்கள் சின்னமுத்துவைக் குழியிலிருந்து ஏற்றி, காலில் மண்ணோடு கூட்டிப் போனார்கள். மம்பட்டி குழிக்குள்ளேயே கிடந்தது. சாயங்காலத்துக்குள் சின்னமுத்துவின் படம் எல்லார் கையிலும் சுற்றியது, கீழே எழுதக் கூடாத வார்த்தைகள். எனக்கும் வந்தது. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்த மனிதரோடு இருபது வருஷம் ஒரே பெஞ்சில் டீ குடித்தவன் நான்.

மறுநாள் காலை அவர் மனைவி அமுதவள்ளியிடமிருந்து போன். "கம்பவுண்டரண்ணே, வெரசா வாங்க. ஆடு பூராம் விழுகுது."

மேய்க்கப் போகிற ஆள் ஸ்டேஷனில். அமுதவள்ளிக்கு முட்டிவலி, சரிவில் ஏற முடியாது. பட்டியில் அடைபட்டுக் கத்துகிற ஆடுகளுக்குக் கடலைப் புண்ணாக்கைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி, கொதிக்கக் கொதிக்க அந்த நீலத் தொட்டியில் ஊற்றி, சூடு தணிந்ததும் விட்டிருக்கிறாள். பதினொரு ஆட்டில் எட்டு செத்துக் கிடந்தன. அதே நுரை. அதே கண்.

வேலியோரம் நின்ற ஒருத்தர், "நாய்க்குப் பதிலா ஆட்டுக்கு வச்சிட்டா பாத்தியளா" என்றார். ஒரே நாளில் ஊர் கட்சி மாறிவிட்டது.

நான் குனிந்து தொட்டியை மோந்து பார்த்தேன். மருந்தடித்துவிட்டு இறங்குகிறவர்களின் சட்டையில் ஜீப் முழுக்க அடிக்குமே, அந்த வாடை. வெறும் தண்ணீருக்கு வெளியே வராதது சூட்டுக்கும் கொழுப்புக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. வேலிக்கு அந்தப்பக்கம் மறுபாதி கவிழ்ந்து கிடந்தது. தட்டில் தின்ற பதினொரு நாயும் நினைவுக்கு வந்தன.

பொற்கொடி புதுமண் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். ஆடு செத்ததையும் சொன்னேன்.

"கழுவுனேண்ணே" என்றாள். "மூணு நா வெயில்ல வச்சேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் கழுவுறோம்."

"குட்டன் மொத ஆளா ஓடியாந்து தின்னுச்சு."

அப்போது நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். டிரம்மைப் பற்றி வாய் திறக்காதே என்றேன். "சின்னமுத்து மேல சந்தேகம் இல்லேன்னு மட்டும் எழுதிக் குடு, விட்ருவாங்க. ஒன் கையால செத்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா இந்தக் கொட்டகைய பூட்டிருவாங்க. மிச்சம் பதினஞ்சு இருக்கு. அதுக எங்க போகும்?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "சந்தேகம் இல்லேன்னா, அப்ப யாரு வச்சதும்பாங்க. செத்தாலும் அவுக மேல விழுந்த பேரு போகாதுண்ணே." எழுந்துபோய்த் தொட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாள்.

அன்புச்செல்வன் ஜீப்பில் போனோம். டிரம்மைக் கொண்டுவந்தவனும் அவன்தான். ஸ்டேஷன் வாசலில் முந்தின நாள் படம் எடுத்தவர்கள் நின்றார்கள். பொற்கொடி தொட்டியை ஏட்டையா மேசைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"நாய்க்கு மருந்து வச்சது நான்தான்யா. இதுல."

அவர் எல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "வேணும்னு வச்சியாம்மா?"

"வேணும்னா, வேணாம்னாங்கிறது செத்ததுகளுக்குத் தெரியாதுங்கய்யா. எழுதுங்க."

வாசலில் நின்றவர்கள் இதைப் படம் எடுக்கவில்லை. பழைய படம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் அரசாங்க ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் ஒரு நாயும் சேர்க்கக் கூடாது என்று எழுதி வாங்கிப் போனார்கள். இருக்கிற பதினைந்தைச் சாகிற வரை வைத்துக்கொள்ளலாம். தோட்டத்து நாய்கள் பங்குனியில் மறுபடி ஜீப் தடத்தில் உட்கார்ந்திருந்தன. அன்புச்செல்வன் நிற்காமல் போனான்.

அன்றைக்குச் சின்னமுத்து ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. பொற்கொடி அவர் எதிரில் போய் நின்று, "ஒங்க ஆடும் போச்சுண்ணே. எட்டு. நான் குடுத்த பாதியில" என்றாள். அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டில் ஆடுகளைத் தென்னை மட்டையால் மூடி வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வொரு மட்டையாக விலக்கி, ஒவ்வொரு ஆட்டின் காதையும் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"மம்பட்டி ஒன் எடத்துல கெடக்கு. கொண்டா."

கொண்டுவந்தாள். அவர் கை நீட்டவில்லை, தரையைக் காட்டினார். அவள் வெட்ட ஆரம்பித்தாள். நான் வாங்கப் போனேன், தரவில்லை. கல்லுத் தரை. முழங்கால் ஆழம் போவதற்குள் உள்ளங்கை தோல் உரிந்து காம்பு சிவந்தது. நிமிர்ந்து, போதுமா என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

சின்னமுத்து எட்டிக் குழியைப் பார்த்தார்.

"இது பத்தாது" என்றார். "நாய் தோண்டிரும். இன்னும் வெட்டு."