வடமேற்கே நகர்ந்த கிணறுகள்

கிணறு இடம் மாறிவிட்டது என்று ஒருவர் முறையிட வந்தது ஒரு சித்திரை மாத முற்பகலில். அல்லிநகரத்தில் உரக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. படியேறி வருகிறவர்கள் முதலில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். அவரும் தும்மினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, படம் போடுற ஆபீசு இதுதான? என் கெணறு நடந்து போயிருச்சாம்ல. எந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போனீக?"

அவர் கையில், எந்தக் கிணறு எந்த சர்வே நம்பரில் இருக்கிறது என்று நாங்கள் தயாரித்த பட்டியலின் நகல் இருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சை போட்டிருப்பவர். அறுபது வயது இருக்கும். அவருடைய கிணறு அவர் தம்பியின் சர்வே நம்பரில் இருப்பதாகப் பட்டியல் சொன்னது. அண்ணனும் தம்பியும் பல வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை. மோட்டார் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற அண்ணன் மனுப் போட்டிருந்தார். தம்பி எங்கள் பட்டியலை இணைத்து அதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"எங்கய்யா வெட்டுன கெணறு. ஊருக்கே தெரியும். ஆனா பேப்பர்ல வேற மாதிரி இருக்குன்னு கரண்டு ஆபீசுல சொல்றாக. நான் என்ன செய்ய?"

பட்டியலைத் தயாரித்தவள் நான்தான். பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன்.

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் தலைவர். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. வெளியே போய் அளப்பது கோம்பைக்காரர் ஒருவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்த வருடம் ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். வாய்க்காலின் கடைமடை வரை தண்ணீர் வருவதில்லை. தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்க அவர்களுக்கு ஒரு வரைபடம் வேண்டும். வாய்க்கால், மடைகள், கிணறுகள் எல்லாம் எந்தெந்த சர்வே நம்பரில் இருக்கின்றன என்று அதில் தெரிய வேண்டும்.

கிராமங்களின் பழைய சர்வே வரைபடத் தாள்கள் நாற்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சி.டி.யில் கொடுத்திருந்தார்கள். கோம்பை அண்ணன் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்து, மடைக்கு மடை, கிணற்றுக்குக் கிணறு நின்று, அது காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வருவார். எண்ணுக்குப் பக்கத்தில் 'மடை மேல் வேம்பு', 'நாய் உண்டு' என்றெல்லாம் குறிப்பிருக்கும். தாளையும் புள்ளியையும் ஒன்றன் மேல் ஒன்று பொருத்துவது என் வேலை.

பொருத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. பூமியின் வடிவத்துக்குப் பழைய சர்வேக்காரர்கள் எடுத்துக்கொண்ட அளவு வேறு, செயற்கைக்கோள்காரர்கள் எடுத்துக்கொண்ட அளவு வேறு. அதனால் ஒரே இடத்துக்கு இரண்டு கணக்கிலும் எண்கள் வேறுபடும். ஒன்றை மற்றொன்றாக மாற்ற மென்பொருள் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்றை நான் வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்றும் திறந்து பார்க்கலாம். அதில் சுட்டியால் அமுக்கப் பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நாற்பது தாளுக்கும் நாற்பது முறை தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, எல்லாக் கட்டளைகளையும் ஒரே கோப்பில் எழுதி வரிசையாக ஓடவிட்டிருந்தேன். ஓடும்போது திரை முழுக்க ஆங்கில வரிகள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அது எரிச்சலாக இருந்ததால் அந்த வரிகள் திரைக்கே வராதபடி கட்டளையின் முடிவில் ஒரு சேர்ப்பும் எழுதி வைத்தேன். அதன் பிறகு வேலை சத்தமில்லாமல் நடந்தது. கடைசியில் நாற்பது கோப்புகள் கிடைத்தன. எனக்கு அது போதுமானதாக இருந்தது. படத்தையும் பட்டியலையும் சங்கத்தில் ஒட்டிவிட்டு வந்தோம்.

திராட்சைக்காரர் போன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் கிணறு மட்டுமல்ல, ஒரு மடையும் தென்னந்தோப்பின் நடுவில் விழுந்திருந்தது. வாய்க்காலை விட்டு எட்டிப் போய் ஒரு மடை இருக்க வழியில்லை. தலைவரிடம் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார்.

"கருவியாத்தான் இருக்கும் சார். தோப்புக்குள்ள சிக்னல் சரியா கெடைக்காது" என்றேன்.

சோதித்துப் பார்க்காமல் சொன்ன பதில் அது. என் பக்கம் தவறு இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கேட்டதால், சங்கத்துக்கு அனுப்ப, 'களக் கருவியின் பிழை, மறு அளவீடு தேவை' என்று ஒரு வரியை எழுதியும் கொடுத்தேன்.

கோம்பை அண்ணன் புது பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். சித்திரை வெயிலில் நான்கு நாள் நடந்தார். ஐந்தாம் நாள் புது நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தலைவர் பழைய நோட்டையும் புது நோட்டையும் அருகருகே வைத்து விரலை ஓட்டினார். எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

"இது போன தடவை எழுதுனதுதானய்யா? வீட்ல உக்காந்து கடைசி நம்பரை மட்டும் மாத்தி எழுதிட்டு வந்தீங்களா?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பார்க்க எதுவும் இல்லை.

"நடக்காமயே எழுதிட்டேன்னு சொல்றீகளா சார்?"

தலைவர் இரண்டு நோட்டுகளையும் மூடி என் பக்கம் தள்ளினார். அண்ணன் கருவியை எடுத்தார். பின்மூடியைத் திறந்து, தான் வாங்கிப் போட்ட இரண்டு பேட்டரிகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கருவியை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அவருடைய இரண்டாவது நோட்டை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியது அந்த வாரக் கடைசியில். ஏற்றிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதல் அளவுக்கும் இரண்டாவது அளவுக்கும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு மீட்டர் வித்தியாசம் இருந்தது. ஓரிடத்தில் கிழக்கே, ஓரிடத்தில் தெற்கே என்று கலைந்து கிடந்தது. நிஜமாக இன்னொரு முறை போய் நின்றவருக்குத்தான் அப்படி வரும். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் இவ்வளவு இயல்பாகக் கலையாது. மற்றொன்று, தாளிலிருந்து புள்ளிகள் விலகியிருந்த விதம். எல்லாப் புள்ளிகளுமே வடமேற்காக விலகியிருந்தன. எல்லாமே ஏறக்குறைய இருநூறு மீட்டர். தோப்புக்குள் இருந்த கிணறும், வெட்டவெளியில் இருந்த மடையும் ஒரே அளவு. சிக்னல் கெட்டால் கருவி இப்படி ஒழுங்காகத் தப்புச் செய்யாது.

எல்லாத் தாள்களையும் இருநூறு மீட்டர் இழுத்து வைத்துவிட்டால் படம் பொருந்திவிடும் என்று தோன்றியது. செய்தும் பார்த்தேன். பொருந்தியது. யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் நான் எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரி அப்படியே இருக்கும். இழுத்ததை அழித்துவிட்டேன்.

அலுவலகத்தில் இணைய இணைப்பு இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சலில் கேள்வி கேட்டுக்கொள்ளும் குழு ஒன்று இருந்தது. என் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. 'உங்கள் மென்பொருள் தவறாக மாற்றுகிறது' என்று முதலில் எழுதி, பிறகு 'உங்கள்' என்பதை எடுத்துவிட்டேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. வணக்கமோ விசாரிப்போ இல்லை. 'கட்டளையை ஓட்டும்போது திரையில் வரும் எல்லா வரிகளையும் அப்படியே அனுப்பவும்' என்று மட்டும் இருந்தது.

என்னிடம் அனுப்ப ஒரு வரிகூட இல்லை. வராமல் செய்து வைத்தவளே நான்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் கரண்ட் இல்லை. தினமும் இரண்டு மணி நேரம் நிறுத்துகிற காலம் அது. ஜன்னலோரமாக உட்கார்ந்து காத்திருந்தேன். கரண்ட் வந்ததும் அந்தச் சேர்ப்பை எடுத்துவிட்டு ஒரே ஒரு தாளை மட்டும் ஓட்டினேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. துணை அட்டவணைக் கோப்பைத் திறக்க முடியவில்லை, எனவே ஓர் அளவிலிருந்து மற்ற அளவுக்கு மாற்றும் பகுதி விடப்படுகிறது, அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று சொல்லவும் என்று தெளிவாக எழுதியிருந்தது. மீதித் தாள்களையும் ஓட்டினேன். நாற்பது தாளுக்கும் நாற்பது முறை அதையே சொன்னது. மாசி மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

காரணம் சின்னது. தை மாதத்தில் கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்துத் திரும்ப ஏற்றியபோது மென்பொருளை மட்டும் நகலெடுத்திருந்தேன். அதன் கூடவே இருக்க வேண்டிய அட்டவணைக் கோப்புறையை விட்டுவிட்டேன். பழைய சி.டி.யில் அது இருந்தது. எடுத்துப் போட்டு, எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதினேன். திரும்ப ஓட்டினேன். மடைகள் வாய்க்கால் மேல் வந்து உட்கார்ந்தன. திராட்சைக்காரரின் கிணறு அவருடைய சர்வே நம்பருக்குள் வந்தது. மொத்த வேலையும் பத்து நிமிடம்.

தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, திருத்தின படத்தை அனுப்பிரலாம். விளக்கமெல்லாம் எதுக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோம்பைக்குப் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமலே சொன்னேன்.

"அண்ணே, உங்க அளவு ரெண்டு தடவையும் சரிதான். தப்பு என் கம்ப்யூட்டர்ல. நான் பாக்காம உங்க மேல எழுதிக் குடுத்துட்டேன்."

செயினைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "எல்லாம் ஒரே பக்கமாத்தான தள்ளி நின்னுச்சு?"

"ஆமாண்ணே. வடமேக்கு."

"அன்னைக்கு மேசையில கெடந்த படத்துல பாத்தேன். ஒரே பக்கமாப் போகுதே, மெசினு இப்படிச் செய்யாதேன்னு நெனச்சேன். அதை எப்படிச் சொல்லணும்னு தெரியல. நீயாவது சொல்லுவேன்னு பாத்தேன்."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னத்தா செய்ய? சார் சொன்னதைக் கேட்டு சங்கத்துக்காரக அம்புட்டுப் பேரும் நான் நடக்காம எழுதுனேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருக்காக. அங்கன வந்து சொல்லு."

சங்கக் கூட்டம் அடுத்த புதன்கிழமை, கம்பத்துக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில். முப்பது பேர் இருப்பார்கள். அண்ணன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். திருத்திய படத்தை ஒட்டிவிட்டு, தவறு என்னுடையது என்றும், அளந்தவர் இரண்டு முறையும் சரியாக அளந்திருந்தார் என்றும் சொன்னேன். இரண்டு வாக்கியம்தான்.

திராட்சைக்காரரின் தம்பி எழுந்தார்.

"அப்ப மொத ஒட்டுன படம் பொய்யி?"

"ஆமாங்க. அது தப்பான படம்."

"இது தப்பில்லைன்னு எப்படி நம்புறது? நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொன்னா?"

நியாயமான கேள்வி. கடைசி வரிசையிலிருந்து கோம்பை அண்ணன் எழுந்து வந்தார். நான் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்த கருவியில், சட்டைப் பையிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்துப் போட்டார்.

"படத்தைக் கையில எடுத்துக்கங்க. எல்லாரும் வாங்க, நடப்போம்."

பத்துப் பதினைந்து பேர் கிளம்பினோம். முதலில் ஒரு மடை, அடுத்து வாய்க்கால் பாலம், அதன் பிறகு கிணறு. ஒவ்வோர் இடத்திலும் அண்ணன் நின்று எண்ணைச் சத்தமாக வாசிப்பார். நான் படத்தின் ஓரத்து அளவைப் பார்த்து அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பேன். பாலத்தில் தம்பி படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கிணற்றில் புள்ளி வைத்தது அவர்தான். திராட்சைக்காரருடைய நம்பருக்குள் விழுந்தது. தம்பி பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பு வழியாகப் போய்விட்டார். திராட்சைக்காரர் கிணற்றுச் சுவரில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். தம்பியைக் கூப்பிடவில்லை.

ஆட்சேப மனுவைத் தம்பி திரும்ப வாங்கிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இருவரும் பேச ஆரம்பித்தார்களா என்று யாரும் சொல்லவில்லை. வாய்க்காலை மறு வருடம் பாதித் தூரம் தூர்வாரினார்கள். கடைமடைக்காரர்கள் மீதிப் பாதிக்கு அதே படத்தை வைத்து இன்னொரு மனுக் கொடுத்தார்கள்.

கோம்பை அண்ணன் வேலைக்குத் திரும்பவில்லை. தலைவரே கூப்பிட்டு அனுப்பியும் வரவில்லை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுகளை அளந்து கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஒரு வருடம் கழித்து கம்பத்தில் ஜீப் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். சாப்பாடு, வேலை, பிள்ளைகள் எல்லாம் விசாரித்தார். எஸ்டேட்டில் எல்லாரும் மலையாளத்தில் பேசுகிறார்கள், எண்களை மட்டும் இன்னும் தமிழில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"எழுதுறதை அங்கன யாரு கம்ப்யூட்டர்ல ஏத்துறாகண்ணே?" என்றேன்.

"நானே ஏத்துறேன் தங்கச்சி. மூணு மாசம் படிச்சேன்" என்றார்.

ஜீப் நிரம்பிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் முன் சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.